ஏழாவதுக்கு விட்ட இடம்

சிமெந்துப் பையை அவர் வாசித்த மாதிரி வேறு யாரும் வாசித்து நான் கண்டதில்லை. எங்கள் கரையோர ஊரான கீரியில் யார் வீடு கட்டினாலும், வெறும் பைகளை உதறி முற்றத்தில் போட்டதும் அவர் வந்துவிடுவார். சறத்தை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து, பையின் அடிப்பக்கத்தில் இங்கிலிசில் அச்சடித்த சின்ன எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு போவார். நான்கு எழுத்துகள்தான் அவருக்குத் தேவை. கே, ஈ, ஈ, பி. அந்த வரிசை கண்ணில் பட்டால், மீன் வெட்டுகிற கத்தியால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, தூசு தட்டி, சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்வார். பிறகு என்னிடம் வருவார்.

"இதில என்ன எழுதிக் கிடக்குத் தம்பி?"

"ஈரம் படாம வைச்சிருக்கட்டாம் மாமா."

"ஈரம் படாம." கொஞ்ச நேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சிமெந்துக்கே அவ்வளவு பாக்கிறாங்கள், என்ன?"

மாமா என்று கூப்பிட்டேனே தவிர எங்களுக்குள் உறவில்லை. அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி, அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு, அவ்வளவுதான். என் அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது, பெருவிரல்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கம்பஸ் போனேன், அதுவும் இங்கிலிஸ் படிக்க. ஆகவே ஊருக்கு வருகிற இங்கிலிஸ் கடிதம், மருந்துச் சீட்டு, வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். மற்றவர்கள் விதம்விதமான தாள்களோடு வந்தார்கள். அவர் எப்போதும் ஒரே சொல்லோடு வந்தார்.

முதல் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்த அன்றே பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, யாரோ ஒருவருடைய குரலில் சொன்னார்:

"வீ கீப் ஹிம். டூ டேய்ஸ்."

முதல் வசனத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மூச்செடுக்கிற அளவு ஒரு இடைவெளி விட்டார். 'டூ' என்றபோது வலது கையின் இரண்டு விரல்களை உயர்த்தினார். பிறகு தன் குரலுக்குத் திரும்பி, "இதில ரெண்டாவதா வாற சொல்லுக்கு என்ன கருத்து?" என்று கேட்டார்.

"வைச்சிருக்கிறது மாமா. நாங்கள் அவனை வைச்சிருக்கிறம், ரெண்டு நாளைக்கு."

"அது தெரியும். பங்குச் சுவாமியும் அதைத்தான் சொன்னவர். எப்பிடி வைச்சிருக்கிறது? ஆட்டைக் கட்டி வைச்சிருக்கிற மாதிரியோ, விருந்தாளியை வைச்சிருக்கிற மாதிரியோ?"

முதலாம் வருடம் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தக் கேள்வியோடு அது போயிற்று.

யூட் மாமாவுக்கும் மாமிக்கும் ஒரே பிள்ளை. போர் முடிவதற்கு முந்தின வருடம், இருபத்திரண்டு வயதில் போனவன். அவனைக் கொண்டுபோனவர்கள் யார் என்று மாமா கடைசிவரை பெயர் சொன்னதில்லை. 'அவை' என்றுதான் சொல்வார். காலை ஏழு மணி இருக்கும். தகப்பனும் மகனும் கரையில் இருந்து வலையிலே சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாகனம் மணலில் இறங்கி வந்து நின்றது. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்குச் சிங்களம் தெரியாது. அவர்களில் ஒருவர், கொஞ்சம் வயதானவர், கண்ணாடி போட்டவர், மாமாவைப் பார்த்து அந்த இங்கிலிஸ் வசனத்தைச் சொன்னாராம். மரியாதையாகத்தான் சொன்னாராம். யூட் கையைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு வாகனத்தில் ஏறினான். ஒரு நண்டு பாதி கழற்றியபடி வலையில் கிடந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் நான் கேட்டேன். "மாமா, ரெண்டு நாள் எண்டதுதானே பொய்? அதை விட்டிட்டு ஏன் அந்த ஒரு சொல்லையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

அவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை.

"டூ எண்டா தெரியும். டேய்ஸ் எண்டா தெரியும். ஹிம் எண்டு இவனைக் காட்டித்தான் சொன்னவர், அதுவும் விளங்கிச்சு. நடுவில கிடந்த அந்தச் சொல்தான் விளங்கேல்லை. விளங்காமலே நான் தலையை ஆட்டினனான் தம்பி. ஓக்கே சேர் எண்டு சொன்னனான். என்னத்துக்கு ஓக்கே சொன்னனான் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

அவரிடம் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அலுமாரியில், யூட்டின் உடுப்புகளுக்கு மேலே வைத்திருப்பார். வெட்டியெடுத்த துண்டுகளை அதில் சோற்றுப் பசையால் ஒட்டுவார். இருமல் மருந்துப் பெட்டியில் இருந்து ஒரு துண்டு: பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். இறால் கொம்பனிப் பெட்டியில் இருந்து ஒன்று: குளிரில் வைக்கவும். மன்னார் பாலத்தடியில் இருந்த வீதிப் பலகையை வெட்ட முடியாது என்பதால் அதைப் பார்த்து வரைந்திருந்தார்: இடப்பக்கமாகச் செல்லவும். ஒவ்வொன்றுக்கும் கீழே, ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் யாரிடம் கேட்டது, என்ன சொன்னார்கள் என்று எழுதியிருப்பார்.

கேட்பதற்கு அவருக்கு ஆள் வித்தியாசம் இல்லை. சுவாமி, மருந்துக்கடைக்காரர், அரசாங்கக் கந்தோர் கிளாக்கர், தலைமன்னாருக்குப் போகிற வழியில் பருத்த பழைய பெருக்கமரம் பார்க்க இறங்கிய வெள்ளைக்காரப் பெடியன். எல்லாரிடமும் அதே குரல், அதே இடைவெளி, அதே இரண்டு விரல்.

காணாமற்போனவர்கள் பற்றி விசாரிக்க வெளிநாட்டில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தபோது, மன்னாரில் ஒரு மண்டபத்தில் தாய்மார் வரிசையாக இருந்து படங்களைத் தூக்கிப் பிடித்து அழுதார்கள். மாமியும் அழுதார். மாமாவின் முறை வந்தபோது அவர் படத்தைத் தூக்கவில்லை. வசனத்தைச் சொல்லி, கருத்தைக் கேட்டார். அந்த அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அது சந்தர்ப்பத்தைப் பொறுத்ததாம் ஐயா" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மாமா நன்றி சொல்லிவிட்டு அதையும் கொப்பியில் எழுதினார். 'சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு அம்மா.'

ஊர்ப் பெடியன்களுக்கு இது பகிடி. அந்த இங்கிலிஸ் சொல்லுக்கு நம்மவர் வாயில் வேறொரு அர்த்தம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒருநாள் நாங்கள் நாலைந்து பேர் இருந்தபோது அவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அண்ணை, உந்த வயசில உங்களுக்குக் கீப் தேவைப்படுதாமே?" என்றான் ஐஸ் லொறி ஓடுகிறவன். "அக்காவுக்குத் தெரிஞ்சா விளக்குமாறு பறக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மாமா கோபப்படவில்லை. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கலியாணம் கட்டாம ஒருத்தியைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறதுதானே?"

"ஓம் ஓம். உங்களுக்குத் தெரியாததோ?"

"அப்பிடி வைச்சிருக்கிறவன் அவளுக்குச் சோறு குடுப்பானோ?"

லொறிக்காரன் மற்றவர்களைப் பார்த்தான். "குடுப்பான்தானே. பின்ன?"

"வருத்தம் வந்தா?"

"மருந்து எடுத்துக் குடுப்பான்."

"அடிப்பானோ?"

யாரும் இப்போது சிரிக்கவில்லை. லொறிக்காரன் கிளாசைக் கீழே வைத்தான். "நல்லவன் எண்டா அடிக்கமாட்டான் அண்ணை" என்றான்.

மாமா பொக்கற்றில் இருந்து பேனையை எடுத்து, கொப்பி கையில் இல்லாததால், உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

அந்தச் சிரிப்புக்குப் பரிகாரம் மாதிரித்தான் நான் அடுத்த தவணை கம்பஸ் நூலகத்தில் போய் இருந்தேன். சொற்களின் பிறப்பைச் சொல்கிற பெரிய அகராதி ஒன்று அங்கே உண்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். இங்கிலிசின் சாதாரணச் சொற்கள் பலவற்றுக்கு ஜேர்மன், டச்சு என்று பக்கத்து மொழிகளில் சகோதரம் இருக்கும். இந்தச் சொல்லுக்கு அப்படி ஒன்றையும் உறுதியாகக் காட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஏடுகளில் திடீரென்று வந்து நிற்கிறது. எங்கிருந்து வந்தது, தாய்ச்சொல் எது, தெரியாது. அதன் பழைய கருத்துகளில் 'வைத்திருத்தல்' முதலில் இல்லை. பற்றிப் பிடித்தல் இருந்தது. ஒருவர் வருகிறாரா என்று கண் வைத்துப் பார்த்திருத்தல் இருந்தது. அதற்குப் பிறகுதான் திருநாளை அனுசரிப்பதும், காவல் காப்பதும், சோறும் இடமும் கொடுத்துப் பராமரிப்பதும் வந்தன.

நான் இலக்கம் போட்டு, பழையதில் இருந்து புதியது வரை, ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன். ஒன்பது கருத்து. வீட்டுக்கு வந்து, பொட்டுக்குள்ளால் போய், அவர் முன்னால் இருந்து வாசித்தேன். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தார்.

"தாய் தேப்பன் இல்லாத சொல்லோ?" என்றார்.

"இருந்திருக்கும் மாமா. ஆர் எண்டு தெரியாதாம்."

"தேடினவையோ?"

"நெடுக தேடினவை. இப்பவும் தேடுகினம்."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டாவது கருத்தை, ஒருவர் வரவைப் பார்த்திருத்தல் என்பதை, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "பாத்தியே மாமி" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எனக்கு மாமி என்றதால் அவரும் சிலவேளை மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். "இங்கிலிஸ்காரன் முதல்ல எங்களைப் போலதான் இருந்திருக்கிறான்."

அடுப்படியில் மாமி தேங்காய் துருவுகிற சத்தம் நிற்கவில்லை.

அன்று நான் ஒன்பதை வாசிக்கவில்லை, எட்டைத்தான் வாசித்தேன். ஆறுக்குப் பிறகு எட்டுக்குத் தாவினேன். இலக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்திருக்கலாம், அது தோன்றவில்லை. "ஆறு... எட்டு" என்று வாசித்தேன். அவர் பேனையைத் தூக்கி என்னை ஒருதரம் பார்த்தார். கொப்பியில் 7 என்று போட்டு, வரியை வெறுமனே விட்டு, அடுத்த வரியில் 8 என்று தொடர்ந்தார்.

அந்த வெறும் வரி மூன்று வருடம் அப்படியே கிடந்தது. நான் படிப்பு முடித்து, கொண்டச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒக்ரோபர் கடைசியில் ஒருநாள், மாமா தொழிலுக்குப் போயிருந்த நேரம், மாமி கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் அந்தச் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்தைத் திறந்து, விரலை வைத்தார்.

"ஏழாவது என்ன தம்பி?"

"மறந்துபோச்சு மாமி."

"நீ மறக்கிற பிள்ளை இல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன். அப்பா திண்ணமாகப் பொய் சொல்வார், எனக்கு அது வராது. "திருப்பிக் குடாம தங்களுக்கெண்டு வைச்சுக்கொள்ளுறது" என்றேன்.

மாமி தலையை ஆட்டினார். ஏற்கனவே தெரிந்த ஒரு செய்தியை யாரோ சரிபார்த்துச் சொன்னது போல. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆத்துமாக்கள் லிஸ்ற் நீதானே அடிக்கிறனி?"

"ஓம் மாமி."

"யூட்டின்ர பேரையும் போடு."

ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கள் கோயிலில் ஊரில் செத்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பது வழக்கம். குடும்பங்கள் பெயர்களை எழுதிக் கொடுக்கும். கம்பியூட்டர் தெரிந்தவன் என்று அதை அடித்து ஒழுங்குபண்ணுகிற வேலை எனக்கு வந்திருந்தது. பூசை முடிய எல்லாரும் சேமக்காலைக்குப் போய், சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை, அவர்களுக்காக நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில் கொளுத்துவார்கள். அன்று ஊரில் ஒரு வள்ளமும் இறங்காது. மாமாவின் வள்ளம் மட்டும் இறங்கும். யூட் போன நாளில் இருந்து, அந்தத் திருநாளில் கரையில் நிற்பதில்லை என்று அவர் வைத்திருந்தார். ஊர் முதலில் முணுமுணுத்தது, பிறகு விட்டுவிட்டது.

அவர் கடலில் இருப்பார் என்ற தைரியத்தில்தான் நான் அந்தப் பெயரை அடித்தேன். நாற்பத்தொன்றாவது இலக்கம்.

அந்த வருடம் காற்று எழும்பியது. கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பின்னேரப் பூசைக்கு மணியடித்தபோது, தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு, கோயிலின் பின்கதவடியில் அவர் நின்றார். மாமி முன்வரிசையில் முக்காட்டோடு முழந்தாளில் இருந்தார், கண்டிருக்கமாட்டார். நான் கண்டேன். லிஸ்ற் அப்போது சுவாமியின் கையில் இருந்தது. எழும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து அடிதான். நான் போகவில்லை.

சுவாமி ஒவ்வொரு பெயராக, அவசரமில்லாமல் வாசித்தார். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்தொன்று வந்தது. யூட்டின் முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயரோடு. சனம் ஒரே குரலில் அவனுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு மன்றாடியது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மற்றவர்களோடு சேர்ந்து அவருடைய உதடும் அசைந்தது போல இருந்தது. பழக்கத்தில் அசைந்திருக்கும்.

சேமக்காலையில் காற்றுக்கு மெழுகுதிரி நிற்கவில்லை. மாமி சிலுவையடியில் குந்தியிருந்து, கையால் மறைத்து மறைத்து ஒன்றைக் கொளுத்தி நிறுத்தினார். மாமா வந்து பக்கத்தில் குனிந்தார். கொளுத்த உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்து, மெழுகுதிரியைப் பிடுங்கி, சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். சிமெந்துப் பைத் துண்டுகளை வைப்பது போல. மாமி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசலில் என்னிடம் வந்தார்.

"லிஸ்ற் நீதான் அடிச்சனியோ?"

"ஓம் மாமா."

"பேர் பிழையில்லாம அடிச்சிருக்கிறாய்" என்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. ஊரில் மூன்று வீடு கட்டினார்கள், சிமெந்துப் பைகள் காற்றில் பறந்து வேலியில் சிக்கிக் கிடந்தன. அவர் கடந்து போனார். வேலிப் பொட்டைக் கிடுகு வைத்து அடைத்தது யார் என்று தெரியாது. ஒருநாள் பார்த்தேன், அடைத்திருந்தது. மாமியும் அவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள், கதைக்கிற சத்தம் மட்டும் வரவில்லை. லொறிக்காரன்கூட ஒருநாள் என்னிடம், "அந்த மனுசன் கேக்காமப் போறது நெஞ்சை என்னவோ செய்யுது மச்சான்" என்றான்.

இரண்டு வருடத்தில் அவருக்குச் சீனி வருத்தம் முற்றி, ஒரு காலை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக எனக்கு ஒரு கிழமை எடுத்தது. நினைத்ததைவிடச் சின்ன ஆளாகக் கட்டிலில் கிடந்தார். தலைக்கு மேலே சேலைன் போத்தல் தொங்கியது. அதைக் கண்ணால் காட்டினார்.

"அதில அந்தச் சொல் கிடக்கோ?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். "இல்லை மாமா."

"ம்."

கட்டிலடியில் வந்து இருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. "ஏழாவதை நான் வேணுமெண்டுதான் மறைச்சனான்" என்றேன். "நீங்கள் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

"எனக்கு அது தெரியாதெண்டோ நினைச்சனி? அது எல்லாரும் சொல்லுற கருத்துத்தானே. முதல் வருசமே கந்தோர் கிளாக்கர் சொல்லிப்போட்டார்."

"அப்ப ஏன் வெறும் வரியா விட்டனீங்கள்?"

"ஆரும் ஒருத்தர் வேறயொண்டு கொண்டுவந்தா எழுத இடம் வேணுமே தம்பி" என்றார்.

நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

போன ஐப்பசியில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார், இந்தமுறை றோட்டால் சுற்றி. லிஸ்ற்றில் மாமாவின் பெயரைப் போட வேண்டும் என்றார். முந்தின வருடத்து லிஸ்ற்றைத் திறந்து, கடைசியில் அடித்தேன். அவர் போகவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யூட்டின்ர பேரை எடுத்துவிடு."

"மாமி?"

"இவ்வளவு நாளும் அந்த மனுசன் அவன் வருவானெண்டு பாத்துக்கொண்டு இருந்தவர். நான் எனக்கு ஏலாதெண்டு விட்டனான். இப்ப ஆர் இருக்கினம்?"

"சுவாமி கேட்டா என்ன சொல்லுறது?"

"நான் சொல்லுறன். நீ எடு."

நாற்பத்தொன்றில் போய் நின்று அழித்தேன். அந்த வரி காலியாகக் கிடக்கும் என்று எண்ணினேன். நாற்பத்திரண்டாவது ஆள் தானாக நாற்பத்தொன்றுக்கு ஏறினார், அவருக்குப் பின்னால் எல்லாரும் ஒரு படி ஏறினார்கள், கடைசியில் மாமாவும். கம்பியூட்டர் இடம் எதையும் விட்டுவைக்கவில்லை.

"எடுத்தாச்சோ?"

"எடுத்தாச்சு மாமி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். "எந்த இடத்தில இருந்தது?"

இரண்டு பெயர்களுக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டினேன். நான் விரலை எடுத்த பிறகும் மாமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.